தயிர்சாதத்தில் கலந்த பொடி

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் அது என் தொண்டைக்குத்தான். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஜன்னல் இல்லாத அறை, சுவரோரமாக ஒரு ஸ்விட்ச்போர்டு, காதில் ஹெட்போன். விளக்கு எரிந்தால் வயரை எடுத்துத் துளையில் செருகி, கம்பெனியின் பெயரைச் சொல்லி, குட் மார்னிங் சொல்ல வேண்டும். அடுத்த விளக்கு எரியும். மறுபடியும் குட் மார்னிங். முகத்தைப் பார்த்து யாரும் எனக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. முகம் அப்போதே வற்ற ஆரம்பித்திருந்தது. குரல் நன்றாக இருக்கிறது என்றுதான் கொடுத்தார்கள். வேலை இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

மாதுங்காவில் மூன்றாவது மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும் சின்னதாக ஒரு பாத்ரூமும் உள்ள இடத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தார். ரிடையர் ஆகும் முன்பே போய்விட்டார். எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. திரும்பிப் போய் ஒண்டிக்கொள்ள ஊரில் வீடும் கிடையாது. என் குட் மார்னிங்கில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அம்மா இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்த வருஷத்தை நினைத்தால் எனக்குத் துக்கமோ கோபமோ வருவதில்லை. அப்போதும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் எனக்கு எல்லாமே இருந்தது. நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பட்டதாக ஞாபகம் இல்லை.

வயிற்று வலி வெகு நாளாகவே உண்டு. மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் போகும். குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. வாயு என்று சொல்லிப் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு உடம்பு இளைத்தது. ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்த பிறகும் தோளில் நிற்கவில்லை. சாப்பிட்டது எல்லாம் அப்படியே வெளியே போயிற்று. காரிடாரின் கோடியில் அந்த மாடிக்கே பொதுவாக ஒரு கக்கூஸ். நான் போய்விட்டு வந்தால் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். எத்தனை வாளி கொட்டினாலும் அது போகாது. நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி ஊதுவத்தி ஏற்றி வைக்க ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தால் மட்டும் சிரித்துப் பேசுவாள். அந்தச் சிரிப்பு வேண்டாம், திட்டினாலே போதும் என்று இருந்தது.

மாதுங்காவிலேயே ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். வீடு செம்பூரில். பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் மார்க்கெட் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய அறையில் உட்காருவார். அவர்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். முதுகெலும்புக்குக் குறுக்கே மணலைத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"இது கணையம். உள்ள பூரா கல்லு" என்றார். "நம்ப பக்கத்து மனுஷாளுக்குச் சின்ன வயசிலேயே இது வரது. ஏன்னு யாருக்கும் தெரியலை. சாப்பாடு ஜீரணம் ஆக ஒரு ரசம் சுரக்கணும். உனக்கு அது சுரக்கறதில்லை. வெளியிலேர்ந்துதான் குடுக்கணும்."

"எத்தனை நாளைக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"சாப்பிடற நாள் எல்லாம்."

வெளியே கம்பவுண்டர் என்னை எடை பார்க்கக் கூப்பிட்டார். நான் போனேன். அம்மா உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் முகத்தில் பொதுவாகவே ஒன்றும் தெரியாது. நான் அவளைக் கொண்டு பிறந்திருக்கிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள். திரும்பி வரும் வழியில் கோயில் வாசலில் மட்டும் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். எனக்குக் கால் வலித்தது.

மருந்து என்பது ஒரு பழுப்பு பாட்டில் நிறைய கேப்ஸ்யூல். நல்ல பருமன். ஒவ்வொரு சாப்பாட்டோடும் விழுங்க வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். தண்ணீரோ காபியோ மோரோ, எதுவானாலும் அண்ணாந்து, டம்ளரைத் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் விட வேண்டும். உதடு பட்டால் எச்சில். எச்சில் பட்ட பாத்திரம் மற்றப் பாத்திரங்களோடு சேரக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. நடக்க வந்தது போல இதுவும் வந்தது. ஆபீஸிலும் அப்படித்தான் குடிப்பேன். எங்கள் ஆபரேட்டர் அறைக்குத் தலைவியாக ஒரு பார்ஸி அம்மாள் இருந்தாள். நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பாள். "பானி பீத்தி ஹை யா நஹாத்தி ஹை?" என்று கேட்பாள். குடிக்கிறாயா, குளிக்கிறாயா என்று. ஒன்றிரண்டு சொட்டு புடவையில் விழும்தான்.

முதல் நாள் கேப்ஸ்யூலை நாக்கில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து தண்ணீரை விட்டேன். தண்ணீர் போயிற்று. கேப்ஸ்யூல் போகவில்லை. மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னும் தண்ணீர் விட்டேன். நகர்ந்து தொண்டையில் உட்கார்ந்தது. சோற்றை உருட்டி விழுங்கினேன். அம்மா முதுகில் தட்டினாள். அது அங்கேயே ஊறி, இளகி, பிளந்துகொண்டது. உள்ளே இருந்த பொடி தொண்டையில் பட்டது. மிளகாய் எரிச்சல் மாதிரி இல்லை. மிளகாய் அப்போதே சுள்ளென்று பிடித்து அப்புறம் விட்டுவிடும். இது மெதுவாக அரிக்க ஆரம்பித்து, மாலை வரைக்கும் அரித்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் இருமலில் கேப்ஸ்யூல் வெளியே வந்து தட்டில் விழுந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

"இதைப் பிரிச்சுக் கலந்து தந்தா என்ன?" என்றாள்.

"டாக்டர் முழுங்கத்தான் சொன்னார்."

"முழுங்கத்தான் வரலையே. வயித்துக்குள்ள போனா சரிதானே?"

அன்றிலிருந்து பொடி. அம்மா காலையில் குளித்து, மடியாகச் சமைத்து, எனக்குத் தட்டு வைப்பாள். கேப்ஸ்யூலை இரண்டு விரல்களால் திருகித் திறந்து, தயிர்சாதத்தில் கொட்டிப் பிசைவாள். கரண்டியால் கலந்தால் கட்டி தட்டுகிறது என்று கையால்தான் பிசைவாள். திறக்கும்போது மெல்லிய தூசு கிளம்பும். அது மூக்கில் போனால் அம்மாவுக்குத் தும்மல் வரும், சில நாள் இழுப்பும் வரும். புடவைத் தலைப்பால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். பார்த்தால் கொள்ளைக்காரி மாதிரி இருக்கும். முதல் நாள் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பொடிக்கு ஒரு வாடை உண்டு. ஈரத்துணி மக்கினது போல, அதற்கும் கீழே இன்னொன்று. தாராவிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பி அடித்தால் தோல் பதனிடும் வாடை எங்கள் மாடி வரைக்கும் வரும். உடனே அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், வெயில் காலமாக இருந்தாலும் சரி. பொடியிலும் கிட்டத்தட்ட அந்த வாடைதான். அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் முகத்தைச் சுளிப்பேன்.

"மருந்துன்னா மணக்குமா? சாப்பிடு" என்பாள்.

நான் சாப்பிட்டு முடித்ததும் அம்மா மறுபடியும் குளிக்கப் போவாள். தலையோடு குளிப்பாள். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பாடு. நான் ஆபீஸுக்குக் கிளம்பும் போதெல்லாம் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டேன். "வேர்க்கறது" என்றாள். எங்கள் பைப்பில் தண்ணீர் வருவதே விடியற்காலையில் கொஞ்ச நேரம். டிரம்மில் பிடித்து வைத்ததைத்தான் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். அந்தக் கக்கூஸுக்கு என்னால் ஆகும் செலவே போதும். இவள் வேறு இரண்டாவது தடவை தலையில் கொட்டிக்கொள்கிறாளே என்று எனக்கு எரிச்சல். "மடி முத்திப் போச்சு உனக்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அம்மா அடுத்த நாள் முதல் விடியற்காலையில் எனக்கு முன்பே எழுந்து, கீழே முற்றத்துப் பைப்பிலிருந்து இரண்டு வாளி கூடுதலாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். மூன்று மாடி. எனக்கு அதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. சரி, தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் பொடி வேண்டுமே. அதையும் அம்மா காலையிலேயே தயிர்சாதத்தில் பிசைந்து டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். ஆபீஸில் டப்பாவைத் திறந்து பார்த்தால் தயிர்சாதம் இல்லை. கஞ்சி இருந்தது. பருக்கை எல்லாம் கரைந்து, தண்ணீராக, ஒரு கசப்போடு. அம்மா நன்றாகக் குழைத்துத்தான் வைத்திருக்கிறாள் போல என்று முதல் நாள் நினைத்தேன். பிறகு புரிந்தது. என் வயிறு செய்ய வேண்டிய வேலையை டப்பாவே முடித்து வைத்திருந்தது. அதைக் குடித்தேன். உதட்டின் ஓரம், நாக்கின் அடி, தொண்டை, எல்லா இடத்திலும் பட்டது.

வயிறு தேறியது என்று சொல்ல வேண்டும். எண்ணெய் மிதப்பது குறைந்தது. பக்கத்து வீட்டு மாமி ஊதுவத்தியை நிறுத்தினாள். ரவிக்கை கொஞ்சம் பிடித்தது. ஆனால் வாய் புண்ணாயிற்று. நாக்கின் ஓரங்கள் சிவந்து தோல் உரிந்தன. தொண்டையில் எப்போதும் ஒரு நமைச்சல், கனைத்துக் கனைத்து அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குரல் கம்மும். குட் ஆஃப்டர்நூன் சொன்னால் பாதிதான் வெளியே வரும். யாரோ ஒரு மனிதர் மறுமுனையில், "ஆபரேட்டரைக் கூப்பிடுய்யா" என்று ஹிந்தியில் சொன்னார். என்னை ஆண்பிள்ளை என்று நினைத்துவிட்டார்.

பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. கிராம்பைக் கடித்து அடக்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். வலி தெரியாது. வார்த்தையும் குழறும். மரத்துப்போன நாக்கோடு கல்கத்தா என்று சொல்லிப் பார்த்தால்தான் அந்த ஊரின் அருமை தெரியும்.

பார்ஸி அம்மாள் கெட்டவள் இல்லை. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பேட்டி, தேரா ஆவாஜ் கஹாங் கயா?" என்று கேட்டாள். பெண்ணே, உன் குரல் எங்கே போயிற்று என்று. தொண்டை சரியில்லை, மருந்து சாப்பிடுகிறேன் என்றேன். என்ன மருந்து என்று கேட்டாள். வயிற்றுக்கு என்றேன். அவள் என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள். வயிற்றுக்குச் சாப்பிடும் மருந்து தொண்டையை ஏன் கெடுக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அன்று முதல் மத்தியான டப்பாவைக் கழுவும் தொட்டியில் கொட்டினேன். மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் வரைக்கும் குரல் தாங்கியது. அது போதும் என்று நினைத்தேன். பிறகு காலையிலும் பாதித் தட்டோடு எழுந்துவிடுவேன், டிரெயினுக்கு நேரமாயிற்று என்று. மறுபடியும் ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. கணக்கு சுலபமானது. பொடியைச் சாப்பிட்டால் குரல் போகும். சாப்பிடாவிட்டால் நான் போவேன். குரல் போனால் வேலை போகும், நானும் அம்மாவும் சேர்ந்து போவோம். இப்படி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயம் போல. பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மாதுங்கா ஸ்டேஷனில் நின்றுகொண்டு, வந்த வண்டியில் ஏறாமல், அடுத்ததில் ஏறலாம் என்று நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அடுத்ததிலும் ஏறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய துரைக்குக் கல்கத்தாவிலிருந்து டிரங்க் கால். வெகு நேரம் காத்திருந்து கிடைத்த லைன். அவருக்கு இணைப்புக் கொடுப்பதற்கு முன்னால் எக்ஸ்சேஞ்சுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்றார்கள். கனைத்தேன். இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

பார்ஸி அம்மாள் என்னைத் திட்டவில்லை. திங்கட்கிழமை முதல் ஒரு வாரம் ஃபைல் அறையில் உட்காரச் சொன்னாள். என் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்து பார்க்க ஒரு புதுப் பெண் வருகிறாளாம். வாரம் முடிந்ததும் என் குரலைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வார்களாம். "துரை சொல்கிறார், நான் என்ன செய்ய" என்றாள் ஆங்கிலத்தில். நான் தேங்க்யூ சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். வேறு மருந்து இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்வதாகத் தீர்மானம். அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, பூரா வெந்து கெடக்கு. எப்படிச் சாப்பிடறே?"

"பிரிச்சுப் பொடியாத்தான். தயிர்சாதத்துல."

"யார் பிரிக்கச் சொன்னா? சாதத்தைக் கரைக்கற பொடி, வாயை விட்டு வைக்குமா? நாக்கும் தொண்டையும் என்ன இரும்பா? அதுக்குத்தானே கூட்டுக்குள்ள போட்டுத் தரா."

"கூடோட முழுங்கினா தொண்டையில நின்னுடறது."

அவர் ஒரு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். காலியான கேப்ஸ்யூல் ஒன்றில் சர்க்கரையைப் போட்டு மூடி என் கையில் கொடுத்து, முழுங்கிக் காட்டு என்றார். நாக்கில் வைத்து, அண்ணாந்து, கிளாஸைத் தூக்கி ஊற்றினேன். வழக்கம் போல அது மேலே போய் ஒட்டிக்கொண்டது. டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அதானே பாத்தேன். எங்காத்துலயும் இதே கூத்துதான். கேப்ஸ்யூல் லேசானது, தண்ணியில மெதக்கும். நீ அண்ணாந்தா அது மேல வந்துடறது, தண்ணி மட்டும் உள்ள போறது. கிளாஸ்ல வாய் வை. தலையை நிமிர்த்தாதே, கொஞ்சம் குனி. ஒரு வாய் நிறையக் குடிச்சு ஒரே முழுங்கா முழுங்கு."

கிளாஸை உதட்டில் வைத்தேன். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் செய்யக் கூடாத எதையோ செய்வது போல் கூச்சமாக இருந்தது. கண்ணாடி சில்லென்று பட்டது. குனிந்து ஒரு வாய் குடித்தேன். கேப்ஸ்யூல் போய்விட்டது. போனதே தெரியவில்லை. எத்தனை மாதப் பாடு, இவ்வளவுதானா.

"நாள் தவறாம இப்படிப் பண்ணு, தொண்டை தானா ஆறிடும்" என்றார் டாக்டர். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராய், "இத்தனை நாளா பொடியை யார் பெசஞ்சு தரா?" என்று கேட்டார்.

"அம்மா."

"மாமியா? கையாலயா?"

"கையாலதான்."

அவர் மேஜைமேல் இருந்த டார்ச்சை எடுத்து ஏற்றி, மறுபடி அணைத்தார். "உனக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். "அன்னிக்கு நீ எடை பாக்கப் போனப்போ மாமி கேட்டா, இது எதுலேர்ந்து பண்றான்னு. நான் சுத்தி வளைச்சேன். விடலை. சொல்லிட்டேன். பன்னியோட கணையம். அதைக் காயவெச்சுப் பொடி பண்றா. வேற வழி கெடையாது. மாமி அப்படியே உக்காந்திருந்தா. அப்புறம், அவகிட்டச் சொல்லாதீங்கோ, சொன்னா முழுங்க மாட்டா, மத்ததை நான் பாத்துக்கறேன்னா. மத்ததுன்னா என்னன்னு நான் கேட்டுக்கலை."

பன்றி என்பது எனக்கு ஒரு சொல்லாகத்தான் காதில் விழுந்தது. குமட்டவில்லை. எழுந்து, நன்றி சொல்லி, வெளியே வந்தேன். மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கினேன், சொல்லிவிட்டு வந்தாயிற்றே என்று. நடந்துகொண்டே இருந்தபோது பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு நாள் காலையும் கேட்ட சத்தம். வேர்க்கறது என்றாள். மூக்கைச் சுற்றிய தலைப்பு ஞாபகம் வந்தது. மூன்று மாடி ஏறி வந்த வாளிகள். கடையில் வாங்கிய பொருளைக்கூடத் தண்ணீர் தெளித்து உள்ளே எடுக்கிறவள் அவள். பன்றியை அவள் யோசித்து, தீர்மானித்து, கையால் தொட்டாள். டம்ளரில் வாய் வைக்கலாம் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அதைத் தீர்மானிக்க வேண்டிய ஒன்றாகவே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபைல் அறையில் இருந்த வாரத்திலேயே தொண்டை ஆறத் தொடங்கியது. பார்ஸி அம்மாள் என்னைக் குட் மார்னிங் சொல்லச் சொல்லிக் கேட்டாள், தலையை ஆட்டினாள். புதுப் பெண்ணை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். தீபாவளி கழித்து வேலை பெர்மனன்ட் ஆயிற்று. ரிடையர் ஆகும் வரைக்கும் அந்த ஸ்விட்ச்போர்டு முன்னால்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது தட்டு வைத்தாகியிருந்தது. அம்மா தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு, பாட்டிலிலிருந்து கேப்ஸ்யூலை எடுத்துத் திருகப் போனாள்.

"திறக்காதே அம்மா. அப்படியே குடு."

"மறுபடியும் நின்னுடுமே."

"நிக்காது. டாக்டர்கிட்டப் போயிட்டு வரேன். டம்ளர்ல வாய் வெச்சுக் குடிக்கச் சொன்னார்."

அம்மா தலைப்பை அவிழ்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வேற என்ன சொன்னார்?"

நான் கறிவேப்பிலையைத் தரையில் வைத்தேன்.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"சாதம் ஆறறது" என்றாள் அம்மா. "உக்காந்து சாப்பிடு."

உட்கார்ந்தேன். பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். கேப்ஸ்யூலை நானே எடுத்து நாக்கில் வைத்து, டம்ளரை உதட்டில் பொருத்தி, குனிந்து குடித்தேன். அம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிடுத்தா?"

"போயிடுத்து."

"எரியறதா?"

"இல்லை."

அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அப்போதுதான் பார்த்தேன், வலது கை விரல் நுனிகள் எல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தன. என் நாக்கு எப்படி இருந்ததோ அப்படி. எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு எதிரில் பிசைந்த கைதான்.

நான் சாப்பிட்டு முடித்ததும் அம்மா பழக்கத்தில் எழுந்து, மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு பாத்ரூம் கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். இன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாதவள் போல நின்றுவிட்டு, புடவையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். தனக்கு ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு, நான் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நான் கை காயக் காய உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு என் பக்கத்தில் இருந்த டம்ளரை முகவாயால் காட்டினாள்.

"அதை மத்ததோட சேக்காதே. எச்சில். தனியா ஜன்னல்ல வெச்சுடு" என்றாள்.

"சரிம்மா" என்றேன். குரல் கம்மிவிட்டது. இந்தத் தடவை அது பொடியினால் இல்லை.